ஷீட் ஃபிலிம் எல்லா நகரத்திலும் கிடைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஃபிலிம் கேமராவோடு வெளிநாடு போகிறவர்களுக்கு யோசனைகள் என்று உங்கள் பயணப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரைதான், குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் ஃபிலிமைச் சுமந்துகொண்டு போக வேண்டாம், எந்தப் பெரிய நகரத்திலும் வாங்கிக்கொள்ளலாம் என்று போகிற போக்கில் அதில் ஒரு வரி வருகிறது. 35 மி.மீ. ரோலுக்கு அது சரி. அதைவிட அகலமான 120 ரோலுக்குப் பெரும்பாலும் சரி. என்னைப் போல லார்ஜ் ஃபார்மட் கேமரா, அதாவது துருத்தி வைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தனி ஷீட் ஃபிலிம் போட்டு எடுக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் அந்த வரியை நம்பிக் கிளம்பினால், பாதிப் பயணம் கடை தேடுவதிலேயே போய்விடும்.

இது ஏதோ தாத்தா காலத்துச் சமாச்சாரம், இப்போது யார் செய்கிறார்கள் என்று கேட்கலாம். இங்கிலாந்தில் இன்ட்ரெபிட் என்ற நிறுவனம் 2014 முதல் 4×5 அங்குல மரக் கேமராக்களைக் குறைந்த விலையில் செய்து விற்கிறது. எடை ஒன்றேகால் கிலோ அளவுதான். அது வந்த பிறகு இளைஞர்கள் நிறையப் பேர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். கேமரா கிடைப்பது எளிதாகிவிட்டது, ஃபிலிம் கிடைப்பதுதான் எளிதாகவில்லை.

காரணம் கடைக்காரரின் கணக்கில் இருக்கிறது. ரோல் ஃபிலிம் ஒன்றிரண்டாக விற்கும், வாரா வாரம் தீரும். ஷீட் ஃபிலிம் பெட்டியாகத்தான் வரும். கோடக் கலர் என்றால் பெட்டிக்கு 10 ஷீட், இல்ஃபோர்டு கறுப்பு வெள்ளை என்றால் 25, செக் நாட்டு ஃபோமா 4×5 என்றால் 50. பெட்டியின் விலை அதிகம், வாங்குகிறவர் குறைவு, காலாவதித் தேதி வேறு கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் சாதாரண கேமரா கடையில் வைக்கவே மாட்டார்கள், வைக்கிற கடையிலும் இரண்டு மூன்று பெட்டிதான் இருக்கும். நமக்கு முந்தின நாள் ஒருவர் வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தால் அவ்வளவுதான்.

அளவுக் குழப்பம் இன்னொரு பக்கம். 4×5, 5×7, 8×10 என்று அங்குலத்தில் பழகியவர்கள் ஐரோப்பாவில் கடைக்குள் போனால் 9×12, 13×18, 18×24 சென்டிமீட்டர் பெட்டிகளும் அதே அலமாரியில் இருக்கும். 9×12 கிட்டத்தட்ட 4×5 தானே என்று அவசரத்தில் வாங்கிவிட்டால் பயனில்லை. 4 அங்குலம் என்பது 10 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், எனவே 9 சென்டிமீட்டர் ஷீட் ஷீட்டை வைத்துக் கேமராவில் செருகும் நம் ஹோல்டரின் காடியில் நிற்காது, உள்ளே நழுவி விழும். பெட்டியில் பிராண்டைப் பார்ப்பதற்கு முன்னால் அளவைப் பாருங்கள். 8×10-ஐயும் தாண்டின பெரிய அளவுகளைக் கடையில் தேடவே வேண்டாம். இல்ஃபோர்டு அவற்றுக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஆர்டர் வாங்கி, அதற்கேற்ப வெட்டித் தருகிறது. அந்தக் காலத்தைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

எங்கே கிடைக்கும் என்றால், நியூயார்க்கில் ஒன்பதாவது அவென்யூவில் இருக்கும் பி அண்ட் எச் என்ற கேமரா கடை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அது யூத ஓய்வு நாளைக் கடைப்பிடிக்கும் கடை. வெள்ளி பிற்பகல் மூடினால் சனி முழுக்கத் திறக்காது, யூதப் பண்டிகைகளிலும் திறக்காது. சனிக்கிழமை கடைக்குப் போகிறவர் இதைத் தெரியாமல் போனால் பூட்டிய கதவைத்தான் படம் எடுக்கலாம், அதற்கும் ஃபிலிம் இருக்காது. பெர்லினில் ஃபோட்டோஇம்பெக்ஸ் இருக்கிறது, அடாக்ஸ் என்ற பெயரில் ஃபிலிமும் தாளும் கொண்டுவருகிறவர்களோடு சேர்ந்த கடை, ரசாயனம் வரை வாங்கலாம். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது என்பதை நினைவில் வையுங்கள். பாரிஸில் போமார்ஷே சாலை நெடுகக் கேமரா கடைகள், ஆனால் ஆகஸ்டில் போனால் பல கடைகளில் விடுமுறை அட்டை தொங்கும். டோக்கியோவில் ஷின்ஜுகு. பெரிய கடைகளும் பழைய கேமரா கடைகளும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன, லென்ஸ், ஹோல்டர், லென்ஸைப் பொருத்தும் பலகையான லென்ஸ் போர்டு என்று உதிரி சாமான் தேடுகிறவர்களுக்கு அதற்கு இணையான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. சியோலில் சுங்முரோ பகுதி.

இவ்வளவு சொன்னாலும், இந்தக் கடைகளுக்கு நேரே போய் நின்று கேட்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே மின்னஞ்சல் எழுதி, இன்ன ஃபிலிம், இன்ன அளவு, இத்தனை பெட்டி, இன்ன தேதியில் நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டுவிட வேண்டும். இணையதளத்தில் இருப்பு உள்ளது என்று காட்டுவதை நம்ப வேண்டாம். அது எங்கோ ஊருக்கு வெளியே இருக்கிற கிடங்கின் இருப்பாக இருக்கலாம், நாம் போய் நிற்கிற கவுன்டரில் ஒன்றும் இருக்காது. கடைக்காரர்களுக்கும் இது வசதிதான். விற்பனை உறுதி என்றால் வரவழைத்து வைப்பதில் அவர்களுக்குத் தயக்கமில்லை. பணம் முன்னாலேயே கட்டச் சொன்னால் கட்டிவிடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஒரு நாட்டில் தாராளமாகக் கிடைக்கும் ஃபிலிம் பக்கத்து நாட்டில் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. ஃபூஜியின் வெல்வியா 100 ஃபிலிமில் மிகச் சிறிய அளவில் ஒரு ரசாயனம் இருந்தது. அதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கட்டுப்படுத்தியதால், 2021-இல் அமெரிக்காவில் மட்டும் அந்த ஃபிலிமை நிறுத்திவிட்டார்கள். இதெல்லாம் கடையில் போய்த் தெரிந்துகொள்ளும் விஷயமா?

சரி, எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போய்விட்டால் என்ன என்று கேட்பீர்கள். விமான நிலையத்தில்தான் சிக்கல். செக்-இன் பெட்டியில் ஃபிலிம் வைக்கவே கூடாது, அங்கே எக்ஸ்ரே பலமானது, ஃபிலிம் கெட்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். கைப்பைக்கும் இப்போது பல நிலையங்களில் பையைப் பல கோணங்களில் எக்ஸ்ரே எடுக்கும் சி.டி. ஸ்கேனர் வந்துவிட்டது. அதில் ஃபிலிமைப் போடாதீர்கள் என்று கோடக்கே எச்சரித்திருக்கிறது. பழைய எக்ஸ்ரே இயந்திரத்தில் வேகம் (ஒளியுணர்வு) குறைந்த ஃபிலிம் தப்பித்துவிடும் என்ற கணக்கு இதில் செல்லாது. எக்ஸ்ரேயைத் தடுக்கும் ஈயப் பையில் போட்டால் திரையில் ஒன்றும் தெரியாது, தெரியவில்லை என்றாலே பையை எடுத்து மறுபடி சோதிப்பார்கள். அமெரிக்காவில் கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம், அங்கே சோதனை நடத்தும் டிஎஸ்ஏ அமைப்பே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. மற்ற பல நாடுகளில் அந்த நேரத்தில் பணியில் இருக்கும் அதிகாரியின் மனசுதான் சட்டம்.

ரோல் ஃபிலிம்காரர்களுக்குக் கையால் சோதிப்பது சுலபம், டப்பாவைத் திறந்து காட்டிவிட்டு வந்துவிடலாம். நம்முடைய பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போச்சு. ஒரு நிலையத்தில் இளம் அதிகாரி ஒருவர், மிகவும் மரியாதையாகப் பேசிக்கொண்டே, என் ஹோல்டரில் ஃபிலிமை ஒளி படாமல் மூடும் தகடான டார்க் ஸ்லைடைப் பாதி வரை இழுத்துப் பார்த்துவிட்டார். அவர் மேல் கோபப்பட்டு என்ன பயன், அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு பொருளைப் பார்த்ததே இல்லை. அப்புறம் நான் கண்டுகொண்ட வழி இதுதான்: ஹோல்டர்கள் காலியாகவே பயணம் செய்யட்டும், ஃபிலிம் பெட்டிக்குள் இருக்கட்டும். வீணாய்ப்போன ஷீட் ஒன்றிரண்டு போட்ட ஒரு பழைய பெட்டியைத் தனியாக வைத்துக்கொண்டு, இதோ இதுதான் உள்ளே இருக்கிறது என்று திறந்து காட்டுங்கள். படம் எடுத்த பெட்டிகளின் மேல் இருட்டில் மட்டும் திறக்கவும் என்று அந்தந்த நாட்டு மொழியில் எழுதி ஒட்டுங்கள். சீல் உடைக்காத புதுப் பெட்டிக்குத் தொல்லை குறைவு.

இதற்கெல்லாம் மேலான வழி, போகிற ஊரிலேயே வாங்கி, அங்கேயே எடுத்து, அங்கேயே டெவலப் செய்துவிடுவது. கழுவின நெகட்டிவை எந்த ஸ்கேனரும் ஒன்றும் செய்யாது. கடையைத் தேடுகிற அதே நேரத்தில் லேபையும் தேடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஆனால் ஃபிலிம் டெவலப் செய்கிறோம் என்று பலகை வைத்திருக்கும் லேப் எல்லாம் ஷீட் செய்யாது. பெரும்பாலான இடங்களில் இருப்பது ரோலை உருளைகளுக்கு நடுவே இழுத்துக் கழுவும் சிறிய இயந்திரம், அதில் ஷீட் போகாது. ஷீட்டைக் கிளிப்பில் தொங்கவிட்டுத் தொட்டி தொட்டியாக முக்கி எடுக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். சி-41 முறையில் கழுவும் கலர் நெகட்டிவுக்கு இருந்தாலும், நேரடியாக நிறப்படமாகவே வரும் ஸ்லைடைக் கழுவும் இ-6 முறைக்கு இருக்காது, 4×5-க்கு இருந்தாலும் 8×10-க்கு இருக்காது. எத்தனை நாளாகும் என்பதையும் கேட்டுவிடுங்கள், ஸ்லைடை வாரத்தில் ஒரே ஒரு நாள் ஓட்டும் லேப்கள் உண்டு.

கறுப்பு வெள்ளைக்காரர்கள் தங்கும் அறையிலேயே கழுவிக்கொள்ளலாம். நான்கு, ஆறு ஷீட் பிடிக்கும் சிறிய தொட்டிகள் வந்துவிட்டன. ரசாயனத்தை மட்டும் விமானத்தில் கொண்டுபோகாதீர்கள். திரவம் என்றால் சிக்கல், பெயர் எழுதாத வெள்ளைப் பொடிப் பொட்டலம் என்றால் அதைவிடப் பெரிய சிக்கல், விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் விமானம் கிளம்பிவிடும். படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பரும் அதை நிலைநிறுத்தும் ஃபிக்ஸரும் போகிற இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், டெவலப்பரின் வேலையை நிறுத்த நடுவில் போடும் ஸ்டாப் பாத்துக்குத் தண்ணீரே போதும்.

சின்னச் சாமான்களுக்குக் கேமரா கடையையே சுற்ற வேண்டியதில்லை. தலைக்கு மேல் போர்த்தும் துணி தொலைந்தால் எந்தத் துணிக்கடையிலும் கெட்டியான கறுப்புத் துணி கிடைக்கும். ஃபோகஸ் பார்க்கும் உருப்பெருக்கியான லூப் வேண்டுமென்றால் நகைக்கடைச் சாமான் விற்கிறவரிடமோ தபால்தலைக் கடையிலோ பாருங்கள். கேமராவை அசைக்காமல் ஷட்டரை இயக்கும் கேபிள் ரிலீஸ் பழைய கேமரா கடைகளில் எல்லாம் இருக்கும். துருத்தியில் ஓட்டை விழுந்தால் கறுப்பு டேப். ஆனால் லென்ஸ் போர்டு, ஹோல்டர், ஃபோகஸ் பார்க்கும் பின்புறக் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸ் இந்த மூன்றும் உடைந்தால் அவ்வளவு சுலபமில்லை, ஷட்டர் எண் என்ன, போர்டின் அளவு என்ன என்பதை மில்லிமீட்டரில் ஒரு சீட்டில் எழுதிப் பையில் போட்டு வையுங்கள். கோபால் (Copal) என்ற பிராண்டின் 0 எண் ஷட்டருக்கு போர்டில் 34.6 மி.மீ. துளை, 1 எண்ணுக்கு 41.6. கடைக்காரருக்கு நம் மொழி தெரியாவிட்டாலும் எண் தெரியும்.

கடையைவிட நான் அதிகம் நம்புவது வாடகைக்கு இருட்டறை விடும் இடங்களையும் அதை நடத்துகிறவர்களையும்தான். கூட்டாகச் சேர்ந்து இருட்டறை நடத்தும் குழுக்கள் பெரிய நகரங்கள் பலவற்றில் இருக்கின்றன. எந்தக் கடை மூடிவிட்டது, எந்தக் கடையில் பின்னறை குளிர்பெட்டியில் சரக்கு இருக்கிறது, எந்த லேபில் ஷீட்டில் கீறல் விழுகிறது என்பதெல்லாம் வரைபடச் செயலிக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். ஒரு வாரம் முன்னால் நாலு வரி எழுதிக் கேட்டால் பதில் போடுவார்கள். ஹோல்டரில் ஃபிலிம் மாற்ற இருட்டறையைக் கொஞ்ச நேரம் தருவார்கள், ஹோட்டல் குளியலறைக் கதவிடுக்கில் துண்டு சொருகி ராத்திரி வரை காத்திருக்க வேண்டாம். கூரியரில் ஃபிலிம் வரவழைப்பதாக இருந்தால் ஹோட்டல் விலாசத்தைவிட அவர்கள் விலாசம் மேல், அதுவும் அந்த நாட்டுக் கடையிலிருந்தே அனுப்பச் சொல்லுங்கள். எல்லை தாண்டி வந்தால் சுங்கத்தில் மாட்டும், விமானச் சரக்கு எக்ஸ்ரேயிலும் மாட்டும்.

எனவே ஆசிரியர் அவர்களே, அந்தக் கட்டுரையை இணையப் பதிப்பில் வைத்திருக்கிறீர்கள் என்றால், அந்த ஒரு வரியோடு ‘ரோல் ஃபிலிமுக்கு மட்டும்’ என்று சேர்த்துவிட்டால் போதும். அப்புறம் ஒரு கேள்வி: 8×10 ஸ்லைடை இ-6 முறையில் கழுவித் தரும் லேப் எங்கெல்லாம் இன்னும் இருக்கிறது என்று, இந்த வழியில் போய்வந்த வாசகர்கள் யாராவது எழுதினால் இப்பகுதியில் வெளியிடுங்கள். நான் சேர்த்து வைத்திருக்கும் பட்டியலில் பாதிக்கு மேல் இப்போது செயல்படவில்லை.

இப்படிக்கு,
ஒரு லார்ஜ் ஃபார்மட் வாசகர்