அந்த ஸ்விட்சை விற்றுவிடாதே

அன்புள்ள அம்மு,

நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவியை ஆபீஸில் யாருக்காவது விற்றுவிடப் போவதாக நேற்று போனில் சொன்னாய். அதில் விளையாட ஆசையாக ‘ஹாலோ நைட்’ என்ற ஆட்டத்தை வாங்கினாய். சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வருகிறாய். எந்தப் பக்கம் போவது என்று சொல்ல ஆளில்லை. செத்துப்போனால் சேர்த்த காசும் கையைவிட்டுப் போகிறது. “இதில் அப்படி என்னப்பா இருக்கிறது?” என்று கேட்டாய். இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். படித்து முடிக்கும்வரை விற்காதே.

நீ குறை என்று சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை நான் இந்த வகை ஆட்டங்களின் உயிர் என்றே நினைக்கிறேன். தாவிக் குதித்து ஓடும் ஆட்டங்கள் ஏராளம். இடமிருந்து வலமாக ஓடி முடித்தால் அடுத்த கட்டம் திறக்கும். விட்டுவந்த இடத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே இருக்காது. பிளாட்ஃபார்ம் அட்வென்ச்சர் என்று சொல்லப்படுபவை வேறு இனம். அவற்றில் கட்டங்கள் இல்லை. ஒரே ஒரு பெரிய இடம்தான் இருக்கிறது. ஆரம்பத்தில் எட்டாத மேடு ஒன்றைப் பார்க்கிறாய். அதை விட்டுவிட்டு எங்கோ போய், எதையோ தேடிக்கொண்டிருக்கும்போது உயரத் தாவும் திறன் ஒன்று கிடைக்கிறது. அந்தக் கணத்தில் அந்தப் பழைய மேடு நினைவுக்கு வருகிறதே, அதற்காகத்தான் இத்தனையும். யாரும் அம்புக்குறி போட்டுக் காட்டவில்லை. நீயாகவே அந்த இடத்தை மனத்தில் வைத்திருந்தாய்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில், நீ பிறப்பதற்கு முன்பு, சிம் லிம் ஸ்கொயரில் கேம்பாய் என்ற கையடக்க கேம் கருவியையும் ‘மெட்ராய்டு 2’ ஆட்டத்தின் கேட்ரிட்ஜையும் வாங்கினேன். அந்தச் சாம்பல் நிறப் பெட்டியை நீ பார்த்திருக்கிறாய். 1989-இல் நிண்டெண்டோ அதை வெளியிட்டபோது அதன் திரையில் 160-க்கு 144 புள்ளிகள்தான். வண்ணம் கிடையாது, வெளிர்பச்சையில் நான்கு சாயல்கள் மட்டும். திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை, வெளிச்சம் பார்த்து உட்கார வேண்டும். ஏறக்குறைய அதே நேரத்தில் அட்டாரியும் சேகாவும் வண்ணத் திரையோடு கருவிகளைக் கொண்டுவந்தன. ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்க்கும் கருவிகள் அவை. கேம்பாயை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய குன்பே யோக்கோய் வேறு கணக்குப் போட்டார். எல்லோருக்கும் நன்றாகப் பழகி விலை மலிந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து, அதைப் புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை. நான்கே பேட்டரியில் அது பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. கேம்பாயும் பின்னர் வந்த வண்ணக் கேம்பாயும் சேர்ந்து உலகமெங்கும் 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றன.

இவ்வளவையும் சொல்லக் காரணம் உண்டு. அந்தத் திரையின் குறைகளையே செங்கல்லாக வைத்துக் கட்டிய ஆட்டம் ‘மெட்ராய்டு 2’. 1991-இல் வந்தது. எஸ்ஆர்388 என்ற கிரகத்தில் சாமஸ் என்ற வேட்டைக்காரி இறங்குகிறாள். அங்கே வாழும் மெட்ராய்டு என்ற உயிரினத்தைப் பூண்டோடு அழிப்பது அவளுக்கு இட்ட வேலை. சின்னத் திரையில் அவளுடைய உருவத்தைப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். அதனால் அவளைச் சுற்றிக் கொஞ்ச தூரமே கண்ணுக்குத் தெரியும். மேலே எவ்வளவு உயரம், கீழே எவ்வளவு ஆழம் என்று குதித்துப் பார்த்தால்தான் விளங்கும். வரைபடம் என்ற ஒன்றே ஆட்டத்தில் கிடையாது. நான் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் வரைந்துகொண்டே போனேன்.

திரையின் கீழ்மூலையில் 39 என்று ஓர் எண் இருக்கும். இன்னும் எத்தனை மெட்ராய்டு பாக்கி என்பதற்கான கணக்கு அது. ஒரு பகுதியில் உள்ளவற்றை முடித்ததும் நிலம் அதிரும். கீழே தேங்கியிருக்கும் அமிலம் வடிந்து இன்னும் ஆழமான வழி ஒன்று திறக்கும். அந்த அதிர்வுதான் உனக்குக் கிடைக்கும் ஒரே அறிவிப்பு. சுரங்கத்தில் நடந்துகொண்டிருக்கும்போது தரையில் ஒரு வெற்றுக்கூடு கிடக்கும், ஏதோ ஒன்று தோலுரித்துவிட்டுப் போன மாதிரி. அதைப் பார்த்த பிறகு ஒவ்வொரு அடியையும் யோசித்து வைப்பேன். ஒரு எழுத்துகூட இல்லாமல் ஒரு கூட்டை வைத்து அவ்வளவு பயமுறுத்த முடிந்தது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. 1986-இல் வந்த முதல் ஆட்டத்தில் சாமஸ் புதுக் கவசம் அணிந்ததை நிறத்தை மாற்றிக் காட்டினார்கள். கேம்பாயில் நிறமே இல்லையே! அதனால் தோள்களில் இரண்டு பெரிய உருண்டைகளை வரைந்துவிட்டார்கள். இன்று சாமஸ் என்றாலே எல்லோர் மனத்திலும் வருவது அந்த உருண்டைத் தோள்கள்தான். வண்ணத் திரை வந்தும், பெரிய டிவிக்குப் போயும் அவை மாறவில்லை.

அதன் முடிவையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடத்துக்கு மேலான ஆட்டம், தவறில்லை. ஒன்றுதான் பாக்கி என்று நிம்மதியாக இறங்கும்போது அந்த எண் திடீரென்று 9 ஆகிவிடும். அவற்றையும் தாண்டி, தாய் மெட்ராய்டையும் கொன்ற பிறகு, ஒரு முட்டை பொரிகிறது. வெளியே வந்த குஞ்சு சாமஸைத் தன் தாய் என்று நினைத்துக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி மிதக்கிறது. அவளால் அதைச் சுட முடியவில்லை. மேலே கப்பலுக்குத் திரும்பும் வழியைச் சில கட்டிகள் அடைத்திருக்கின்றன. அவற்றை அந்தக் குஞ்சுதான் தின்று வழிவிடும். வழியெங்கும் எதிரி கிடையாது, வசனம் கிடையாது. இதையே படமாகப் பார்த்திருந்தால் நன்றாக எடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். இங்கே நடக்க வைத்தது என் கட்டைவிரல். நான் நடந்தால் அது கூடவே வந்தது. உன் அம்மா உன்னைச் சுமந்துகொண்டிருந்த நாட்களில் நான் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப விளையாடினேன்.

இப்போது உன் ஆட்டத்துக்கு வருகிறேன். ‘ஹாலோ நைட்’ ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழு செய்தது. 2017-இல் கணினிக்கும், 2018 ஜூனில் ஸ்விட்சுக்கும் வந்தது. வரைபடத்தை அவர்கள் கையாண்டிருக்கும் விதத்தைப் போல நான் வேறெங்கும் பார்த்ததில்லை. புதுப் பகுதிக்குள் நுழையும்போது உனக்கு வரைபடம் கிடையாது. நடந்துகொண்டே இருக்கும்போது தரையில் காகிதங்கள் சிதறிக் கிடக்கும். பக்கத்தில் யாரோ தனக்குள் முனகிப் பாடும் குரல் கேட்கும். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு போனால் கார்னிஃபர் என்ற வரைபடக்காரன் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பான். அவனிடம் வாங்கும் படம்கூட அரைகுறைதான். மீதியை நீ நடந்து பார்க்க வேண்டும். எழுதுகோல் வாங்கியிருக்க வேண்டும். அப்போதும் ஏதாவது ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தால்தான் நீ பார்த்த அறைகள் படத்தில் ஏறும். நீ எங்கே நிற்கிறாய் என்று காட்டும் திசைகாட்டிக்குத் தனியாக விலை. அதை அணிந்தால், திறன் தரும் வேறொரு தாயத்து அணிந்திருக்கக்கூடிய இடம் ஒன்று போய்விடும். வழி தெரிந்துகொள்வதற்கு ஒரு விலை வைத்திருக்கிறார்கள், அம்மு. எனக்கு அது மிகவும் நியாயமாகப் படுகிறது.

நீ நெதர்லாந்தின் ஐந்தோவனுக்குப் போன புதிதில் பால் வாங்கக்கூட போனைப் பார்த்துக்கொண்டே நடப்பதாகச் சொன்னாய். பிறகு ஒரு நாள், பஸ் வராததால் ஏதோ சந்து வழியாக நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று போன் செய்தாய். உன் குரலில் அவ்வளவு பெருமை. கார்னிஃபரின் காகிதத்தைப் பார்க்காமலே பெஞ்சுக்குத் திரும்பும் நாளில் உனக்கு அதேதான் தோன்றும்.

அடுத்தது கை. பிளஸ் வடிவத் திசைப் பொத்தானை முதன்முதலில் 1982-இல் ஒரு சின்ன ‘டாங்கி காங்’ கருவியில் வைத்தவரும் யோக்கோய்தான். விரலைத் தூக்காமல், கீழே பார்க்காமல் நான்கு திசைக்கும் போகலாம். இந்த ஆட்டங்களை போன் கண்ணாடியில் விளையாடுவதை நான் விரும்பாததற்கு அதுவே காரணம். கண்ணாடியில் விரலுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிவதில்லை. குதிக்க வேண்டிய நேரத்தில் கண் பொத்தானைத் தேடுகிறது. நல்ல ஆட்டத்தில் குதிப்பது ஒன்றும் ஒரே மாதிரியான வேலை இல்லை. பொத்தானைத் தட்டினால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் முழு உயரம். இரண்டுக்கும் நடுவில் உள்ள அத்தனை உயரங்களையும் விரல் தானாகக் கற்றுக்கொள்ளும்.

இதை இன்றே செய்து பார். குதித்து, அந்தரத்தில் இருக்கும்போது கீழ்ப்பக்கம் அழுத்தி ஆணியை (உன் வீரனின் வாள் அதுதான்) வீசு. எதிரியின் தலைமீது பட்டால் உன் வீரன் துள்ளி மேலே எழுவான். முட்கள் மீது பட்டாலும் அப்படித்தான். தொட்டாலே உயிரைக் குறைக்கும் முட்கள், சரியான நேரத்தில் அடித்தால் படிக்கட்டாகிவிடும். இதற்கு யாரும் வகுப்பெடுக்க மாட்டார்கள். முதலில் கால் முள்ளில்தான் விழும். பிறகு ஒரு துள்ளல், பிறகு இரண்டு. அதற்கப்புறம் முள் நிறைந்த அறையைப் பார்த்தால் உனக்கு ஆசைதான் வரும். நீ போன வாரம் அலுத்துக்கொண்டு திரும்பிய அறைகள் அப்படியே இருக்கும், அவற்றைப் பார்க்கும் உன் கண் மாறியிருக்கும்.

செத்தால் காசு போகிறது என்றாயே, அது உடனே போய்விடுவதில்லை. நீ விழுந்த இடத்திலேயே உன் நிழல் அந்தக் காசை வைத்துக்கொண்டு நிற்கிறது. திரும்பிப் போய் அதை வென்றால் எல்லாம் கிடைக்கும். வழியில் மறுபடி செத்தால்தான் நிரந்தர நஷ்டம். இது கொடுமை என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போன முறை எந்த வழியாக வந்தோம், எங்கே என்ன பதுங்கியிருந்தது என்று யோசித்து நடக்க வைப்பது அந்த நிழல்தான். நீ அந்த இடத்தை உண்மையில் கற்றுக்கொள்வது அப்போதுதான்.

இதையெல்லாம் டிவியில் விளையாடக் கூடாதா என்று கேட்பாய். விளையாடலாம். ஆனால் கையில் பிடித்து விளையாடும்போது அந்த உலகம் முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் இருக்கிறது. வேலை முடிந்து ரயிலில் வரும்போது இரண்டு அறை பார்க்கலாம். இறங்கும் ஸ்டேஷன் வந்ததும் மேலே உள்ள பொத்தானை அழுத்தித் தூங்க வைத்துவிட்டு, இரவில் படுக்கையில் அதே அந்தரத் தாவலிலிருந்து தொடரலாம். இவ்வளவு பெரிய இடத்தை இப்படிச் சிறுகச் சிறுகப் பார்ப்பதுதான் சரி. நடுவில் வேலை செய்யும்போதும் சமைக்கும்போதும் மனம் அங்கே ஏதாவது ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். பல புதிர்களுக்கு எனக்கு விடை கிடைத்தது கருவி கையில் இல்லாத நேரத்தில்தான். ஒன்று மட்டும் சொல்கிறேன்: கண்ணீர் நகரம் என்ற இடத்துக்கு வரும்போது ஹெட்போன் போட்டுக்கொள். அங்கே ஓயாமல் மழை பெய்யும். பூமிக்கு அடியில் மழை எங்கிருந்து வருகிறது என்பதை நீயே கண்டுபிடி, நான் சொல்ல மாட்டேன்.

இது ரொம்பக் கடினமாக இருந்தால் நடுவில் வேறு சிலவற்றையும் பார்க்கலாம். ‘கிர்பியின் ட்ரீம் லேண்ட்’ (1992) ஆரம்பிப்பவர்களுக்காகவே மசாஹிரோ சகுராய் செய்தது. சுற்றித் தேட இடமில்லாத, கட்டம் கட்டமான ஆட்டம்தான், ஆனால் ஒரு மாலையில் முடித்துவிட்டுச் சிரிக்கலாம். ‘மெட்ராய்டு ஃபியூஷன்’ (2002) அழகாகச் செய்யப்பட்டது, சாமஸின் உருவத்திலேயே ஒன்று அவளைத் துரத்தும் இடங்கள் நடுங்க வைக்கும். ஆனால் அடுத்து எங்கே போ என்று ஒரு கணினி சொல்லிக்கொண்டே இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, நீயோ அதை விரும்பக்கூடும். ‘காஸில்வேனியா: ஆரியா ஆஃப் சாரோ’ (2003) கொன்ற எதிரிகளின் ஆன்மாவையே திறனாக மாற்றிக்கொள்ளும் ஆட்டம், ஒரே கோட்டை, ஆனால் எவ்வளவு அறைகள்!

சரி, உன் இப்போதைய சிக்கல். நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் இன்னும் பச்சைப் பாதை என்ற பகுதிக்குள் நுழையவில்லை. மறந்துபோன குறுக்குச்சாலை என்ற பகுதியின் மேற்கு ஓரத்தில், வழியை அடைத்துக்கொண்டு ஒரு பருத்த பிராணி உட்கார்ந்திருக்கும். கிட்டே போய் ஆணியால் அடித்தால் ஓட்டுக்குள் சுருண்டுகொள்ளும். அங்கே நின்று மல்லுக்கட்டாதே. தூரத்திலிருந்தே தாக்க உனக்கு ஒன்று வேண்டும். அதைத் தருபவர் அதே குறுக்குச்சாலைக்கு அருகில்தான் இருக்கிறார். இதற்கு மேல் சொன்னால் உன் ஆட்டத்தை நான் கெடுத்ததாகிவிடும். போகும் முன் ஊருக்குள் போய் இசெல்டாவின் கடையில் எழுதுகோலை வாங்கிவிடு, விலை 120 ஜியோ (அந்த ஆட்டத்தின் காசு). திசைகாட்டி 220, அதற்குக் காசு சேரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அம்மா நலமாக இருக்கிறாள். ஊறுகாய் பார்சல் அனுப்பியிருக்கிறாள், வந்ததும் சொல். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது பச்சைப் பாதையில் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாய் என்றும் சொல்.

அன்புடன்,
அப்பா