எட்டு வயருக்குக் காசு, மாத்தினது ஆறு

ஆசிரியருக்கு வணக்கம்,

ரெண்டு கிழமைக்கு முந்தி உங்கட வாசகர் கடிதப் பக்கத்தில ஒருத்தர் எழுதியிருந்தார், பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஸ்பார்க் பிளக் வயர் மாத்த கராஜில 700, 800 டொலர் கேக்கினம், வயர் செற் கடையில 150க்குள்ள கிடக்கு, இது பகல் கொள்ளை எண்டு. அதை வாசிச்சிட்டு எனக்குச் சும்மா இருக்க ஏலேல்லை. அந்தக் காசு கொள்ளை இல்லை. கொள்ளை நடக்கிறது வேற இடத்தில, அதை அவர் எழுதேல்லை, எனக்கு அது நடந்தபடியால நான் எழுதுறன்.

என்னட்ட இருக்கிறது 1995ம் ஆண்டு செவர்லே கமாரோ ஸீ 28 ஸ்போர்ட்ஸ் கார். எல்லாரும் அமெரிக்கக் கார் எண்டுதான் சொல்லுவினம், ஆனா 1993 தொடக்கம் 2002 வரைக்கும் வந்த கமாரோவும் அதின்ர சோடிக் கார் பயர்பேர்டும் இங்க கனடாவில, கியூபெக்கில, மொன்றியலுக்குக் கிட்ட இருக்கிற சென்ற் தெரேஸ் ஃபக்டரியில செய்தது, 2002ல அந்த ஃபக்டரியைப் பூட்டிட்டினம். வந்த புதுசில பஸ்சுக்கு நிக்கேக்க இந்தக் கார் ரோட்டில போறதைப் பாத்துப் பாத்து ஆசைப்பட்டு, பிள்ளையள் கொஞ்சம் வளந்த பிறகு நைற் ஷிஃப்ட் செய்து சேத்த காசில செக்கன்ட் ஹாண்டா வாங்கினன். பனிக்கு ரோட்டில உப்புப் போடுற மாதங்களில வெளியில எடுக்கிறேல்லை. அவ்வளவு கவனமா வச்சிருக்கிறன்.

இதில உள்ள என்ஜின் 5.7 லீற்றர் வி8, எல்டி1 எண்டு சொல்லுறது, 275 குதிரைவலு. பொனற்றைத் திறந்தா முன் பாதி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், பின் பாதி வின்ட்ஸ்கிறீனுக்குக் கீழ உள்ளுக்க போய்க் கிடக்கும். பழைய செவர்லே வி8 எண்டா, வயருகளுக்கு மின்னைப் பங்கு போட்டுக் குடுக்கிற டிஸ்ரிபியூட்டர் பின்பக்கம் மேல நிக்கும், வயர் எல்லாம் மேலால வரும். இந்த எல்டி1ல அதைக் கொண்டு வந்து என்ஜினுக்கு முன்னால, வோட்டர் பம்புக்குப் பின்னால, கேம் ஷாஃப்ற்ரோட சேத்து வச்சிருக்கினம், ஒப்ரிஸ்பார்க் எண்டு பேர். வோட்டர் பம்ப் கசிஞ்சா தண்ணி நேர அதுக்கு மேலதான் வடியும், இந்தக் கார் வச்சிருக்கிற ஆக்களுக்கு அந்தத் தலையிடி தெரியும். அங்கயிருந்து 8 வயரும் ரெண்டு பக்கமும் பதிவா இறங்கி, புகை வெளியேறுற சூடான எக்ஸோஸ்ற் மனிபோல்டுக்குக் கிட்டவா ஓடி பிளக்குக்குப் போகும். சிலிண்டர் நம்பர் ட்ரைவர் பக்கம் 1, 3, 5, 7, மற்றப் பக்கம் 2, 4, 6, 8. முன்னால உள்ளது பரவாயில்லை. 7ஐத் தொடப் போனா ஸ்ரியறிங் ஷாஃப்ற் இடிக்கும், 6க்கும் 8க்கும் மேலால கையே போகாது, காருக்குக் கீழ மல்லாந்து படுத்து, கையை மேல விட்டு, கண்ணால பாக்காம விரலாலதான் தேடிப் பிடிக்க வேணும்.

ஊரில பழைய மொறிஸ் மைனர் காருக்கு நாலு வயர், எல்லாம் கண்ணுக்கு முன்னால, அஞ்சு நிமிசத்தில கழட்டிப் பூட்டிடலாம். சண்டைக்காலத்தில பெற்றோல் இல்லாம மண்ணெண்ணெயில அந்தக் காரை ஓட்டேக்க எத்தினை தரம் பிளக்கைக் கழட்டிக் கரி துடைச்சிருப்பம். அந்த நினைப்போட வந்து நிண்டா இந்தக் காரில கேக்கிற கூலி அநியாயமாத்தான் தெரியும். ஆனா இங்க வயருக்கு இல்லைக் காசு, அந்த இடத்துக்குக் கை போய்ச் சேருறதுக்குத்தான் காசு. ஒரு மெக்கானிக் ஒழுங்கா அஞ்சு ஆறு மணித்தியாலம் நிண்டு செய்தா அவர் கேக்கிறதை மனசாரக் குடுக்கலாம்.

எனக்கு நடந்தது இதுதான். மழை நாளில 401 ஹைவேக்கு ஏறேக்க கார் ஒரு உலுக்கு உலுக்கும், இழுவை குறையும், காஞ்சு போனா சரியாயிடும். மகன் பழுது வாசிக்கிற 16 பின் சொக்கற் இருக்குத்தானே எண்டு ஸ்கானரைச் செருகிப் பாத்தான், ஒண்டும் வரேல்லை. 1995ல சொக்கற் மட்டும்தான் புதுசு மாதிரி, உள்ளுக்க இருக்கிற கொம்பியூட்டர் பழைய முறை, எந்தச் சிலிண்டர் எரியாம விடுது எண்டு அது சொல்லாது. அப்ப ஒரு கராஜுக்குக் கொண்டு போனன், பேர் இங்க வேண்டாம். 8 வயர், 8 பிளக் எண்டு பில்லில தெளிவா அடிச்சு 780 டொலர் எடுத்தவை. நானும் ஒண்டும் கதைக்காமல் குடுத்தன். மூண்டு கிழமைக்குப் பிறகு ஒரு மழை, அதே உலுக்கு.

அண்டைக்கு இரவு இருட்டுக்க காரை ஸ்ரார்ட் பண்ணி விட்டிட்டு, கையைத் தள்ளி வச்சுக்கொண்டு, ஸ்பிறே போத்தலால வயர் பக்கம் மெல்லிசாத் தண்ணி அடிச்சுப் பாத்தன். மற்றப் பக்கம் பின்னால, மனிபோல்டுக்குக் கிட்ட, நீலமாச் சின்னச் சின்ன மின்னல். என்ஜின் ஆறின பிறகு காரை ஸ்ராண்டில ஏத்தி, ரோச் லைற்றோட கீழ போய்ப் பாத்தா, ஆறு வயர் புதுச் சிவப்பு, 6ம் 8ம் பழைய கறுப்பு. ரப்பர் மூடி சூட்டில வெளிறிச் சாம்பல் நிறமாகி, நகத்தால தொட்டா அப்பளம் மாதிரி உடையுது. பிளக்கும் அந்த ரெண்டும் பழசுதான், கறள் பிடிச்சுப் போய் நிக்குது. கை போகாத இடமெண்டு அப்பிடியே விட்டிருக்கினம். போய்க் கேட்டா "அது ரெண்டும் நல்லா இருந்தது அண்ணை, அதுதான் விட்டனாங்கள்" எண்டு சொல்லினம். கழட்டின பழைய ஆறையும் காட்டுங்கோ, மிச்சம் புது ரெண்டையும் தாங்கோ எண்டா எல்லாம் குப்பைக்குப் போட்டுதாம். புது வயரும் குப்பைக்குப் போகுமோ?

இது காசுப் பிரச்சினை மட்டும் இல்லை. எரியாத பெற்றோல் நேர, புகையைச் சுத்தம் பண்ணுற கற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்குப் போய் அங்க எரியும், அது சூடாகிப் பழுதாப் போனா அடுத்த பெரிய செலவு. முந்தி ஒன்ராறியோவில காருக்கு டிரைவ் கிளீன் எண்ட புகை டெஸ்ற் இருக்கேக்க புகைக் கணக்கில இப்பிடி ஒண்டு பிடிபடும், 2019ல அதையும் நிப்பாட்டிட்டினம். இப்ப இந்த வயசுக் காரில ஒரு சிலிண்டர் மழைக்கு மட்டும் விட்டு விட்டு அடிக்குது எண்டா அதைப் பிடிக்க ஆருமில்லை, ஓட்டுறவருக்கு விளங்கினாத்தான் உண்டு.

பிறகு நானும் மகனும் ரெண்டு சனிக்கிழமை எடுத்து நாங்களே செய்தம். புது செற் 140 டொலர். முதல் பற்றரியின்ர நெகற்றிவ்வைக் கழட்டி, பெல்ற்றை எடுத்து, ஓல்டர்னேற்றரைக் கழட்டி வச்சம், அது போனா அந்தப் பக்கம் ஒரு சாண் இடம் கிடைக்கும். என்ஜின் நல்லா ஆறியிருக்க வேணும், சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூட்டோட பிளக்கைத் திருகினா அது ஏறுற திருகு நூல் உரிஞ்சு போடும். ஒரு வயரைக் கழட்டினா அந்த இடத்துக்குப் புதுசைப் பூட்டிட்டுத்தான் அடுத்ததுக்குப் போறது. எல்லாத்தையும் ஒண்டாக் கழட்டிப் போட்டு பிறகு சிலிண்டர் எரியிற ஒழுங்கை 1-8-4-3-6-5-7-2 எண்டு எண்ணிக்கொண்டு நிக்கிறது வீண் வேலை. மூடியை நேர இழுக்கக் கூடாது, முதல் அரைத் திருப்புத் திருப்பி ஒட்டை விடுவிச்சுப் போட்டு இழுக்க வேணும், இல்லாட்டி வயர் கையோட வரும், உள் இரும்பு பிளக்கிலயே நிக்கும்.

8ம் நம்பரிலதான் பின்னேரம் முழுக்கப் போனது. 5/8 இஞ்சி பிளக் சொக்கற், வளையிற மூட்டு ஒண்டு, நீட்டு எக்ஸ்ரென்சன், எல்லாத்தையும் கீழயிருந்து ஏத்தி, மகன் மேலயிருந்து லைற் பிடிக்க நான் கீழ படுத்திருந்தன். பழசு வந்திட்டுது. புதுசை அந்த மூலைக்க நேரா வச்சுப் பிடிக்கேலாது, அதுக்கு ஒரு ரப்பர் ஹோஸ் துண்டை பிளக்கின்ர தலையில செருகி, ஹோஸால திருப்பித் திருப்பி நூலில ஏத்தினம். பிழையா ஏறினா ஹோஸ் வழுக்கும், நூல் கெடாது. பிறகு மூடிக்குள்ள கொஞ்சம் சிலிக்கோன் கிறீஸ் பூசி, விரல் ரெண்டாலயும் மேல தள்ள, "டிக்" எண்டு விரல் நுனியில ஒரு சின்ன அடி தெரியும். அது தெரியாட்டி வயர் சரியாப் பூட்டேல்லை. நான் நாலு தரம் தள்ளி அஞ்சாந்தரம்தான் அந்த டிக் வந்தது, அப்ப மேலயிருந்து மகன் "அப்பா எனக்கும் கேட்டது" எண்டான்.

இன்னொண்டு, 5ம் 7ம் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர், நெருப்பும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வருது. அந்த ரெண்டு வயரையும் ஒட்டிப் பக்கம் பக்கமா நீட்டுக்கு ஓட விட்டா 5க்குப் போற மின் 7ஐயும் கிளப்பி விடும். வயரைப் பிரிச்சுப் பிடிக்கிற பிளாஸ்ரிக் கிளிப் அதுக்காகத்தான் இருக்கு, கன இடத்தில அதைத் திருப்பிப் பூட்டாமலே விட்டிடுவினம். பாக்க வடிவுக்கு வச்ச சாமான் இல்லை அது.

அந்த வாசகருக்கும் மற்ற ஆக்களுக்கும் நான் சொல்ல வந்தது, விலையைக் குறைக்கச் சொல்லிக் கேளாதேங்கோ, பழைய வயரைக் கேளுங்கோ. ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில கார் திருத்திறதுக்கெண்டே ஒரு பகுதி இருக்கு. எழுத்தில எஸ்ரிமேற் வாங்கினா அதில சொன்ன காசை விட 10 வீதத்துக்கு மேல கூட்டி எடுக்கேலாது. கழட்டின பார்ட்ஸைத் திருப்பித் தரவேணும், வேண்டாமெண்டு நீங்களே சொன்னாத்தான் அவை வச்சிருக்கலாம். போட்ட பார்ட்ஸுக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதல் வருதோ அதுவரை உத்தரவாதம். எனக்கு இது அப்ப தெரியாது, மூண்டு கிழமைதான் ஆகியிருந்தது, தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டன். காரை விடேக்கயே "பழைய 8 வயரும் 8 பிளக்கும் எனக்கு வேணும், நம்பர் எழுதிப் பையில போட்டுத் தாங்கோ" எண்டு சொல்லுங்கோ. அப்பிடிச் சொன்னா 8ம் நம்பருக்குக் கட்டாயம் ஆரோ ஒருத்தர் காருக்குக் கீழ படுக்க வேணும். படுத்துச் செய்தவருக்குக் கேட்ட காசைக் குடுங்கோ, அது அவர் உழைச்ச காசு.

எங்கட ஆக்கள் ஸ்காபரோவில கனபேர் கராஜ் வச்சிருக்கினம், நல்லாச் செய்யிற ஆக்களும் அதுக்க நிறைய. உங்கட பத்திரிகை இந்தச் சட்ட விசயத்தை ஒருக்கா வடிவா விளக்கித் தமிழில போட்டா ரெண்டு பக்கத்துக்கும் உதவியா இருக்கும். 1993 தொடக்கம் 1997 வரைக்கும் உள்ள எல்டி1 கமாரோவோ பயர்பேர்டோ வச்சுக்கொண்டு 8ம் நம்பரோட கஷ்டப்படுற வாசகர் ஆராவது இருந்தா உங்களுக்கு எழுதச் சொல்லுங்கோ. என்ர வளையிற சொக்கற்றும் அந்த ஹோஸ் துண்டும் இங்க சும்மாதான் கிடக்கு, சனிக்கிழமையெண்டா நானும் வருவன்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர்