இரண்டு எர்த்தும் ஓர் இரைச்சலும்

மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்

அன்புள்ள நண்பா,

நலம், உன் வீட்டில் அனைவரும் நலமென்று அறிந்து மகிழ்ந்தேன். பாட்டு ஓடாத நேரத்திலும் ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்று ஓர் உறுமல் கேட்கிறது, கடைக்காரர் 9,000 ரூபாய்க்கு ஒரு கேபிளை மாற்றச் சொல்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. இதே உறுமலோடு ஏழு மாதம் மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில், ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் செருகியிருக்கும் வயர்களில் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பார். கழற்றும்போதெல்லாம் ஆம்ப்ளிஃபையரை நிறுத்திக்கொள். எந்த வயர் இல்லாதபோது உறுமல் அடங்குகிறதோ, அதுதான் உறுமல் நுழையும் வாசல். என் வீட்டில் அது டிவியிலிருந்து வந்த வயராக இருந்தது. மொட்டைமாடியில் டிஷ் நிற்கும் இரும்புக் கம்பம் அங்கே ஓர் எர்த்தை, அதாவது மின்சாரத்தை மண்ணில் இறக்கும் இணைப்பை, தொட்டுக்கொண்டிருக்க, ஆம்ப்ளிஃபையரோ சுவரிலுள்ள மூன்று பின் சாக்கெட் வழியாக வீட்டு எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு எர்த்துக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருந்தாலே போதும், டிஷ், டிவி, ஆம்ப்ளிஃபையர் ஆகியவற்றை இணைக்கும் கேபிள்களின் வெளிப்பின்னல் வழியாக நொடிக்கு 50 முறை அலையும் (50 ஹெர்ட்ஸ்) வீட்டு மின்னோட்டம் சுற்றி வரத் தொடங்கிவிடும். அதைத்தான் நாம் உறுமலாகக் கேட்கிறோம்.

அந்த வேறுபாடு ஏன் வந்தது என்று தேடியபோதுதான் கடல் தன் வேலையைக் காட்டியிருப்பது தெரிந்தது. எர்த் குழியில் வயரும் குழாயும் சேரும் நட்டை உப்புக்காற்று முழுவதுமாகத் தின்றிருந்தது. வீட்டின் மின்கசிவு இறங்க வழியில்லாமல் என் ஆம்ப்ளிஃபையர் வழியாக மாடிக் கம்பத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்னும் திக்கென்றிருக்கிறது. எலெக்ட்ரீஷியனை அழைத்து நட்டையும் போல்ட்டையும் மாற்றி, மேலே கிரீஸ் தடவச் சொன்னேன். உறுமல் பெருமளவு குறைந்தது. மிச்சத்தை, டிவிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இடையே செம்பு வயருக்குப் பதிலாக ஆப்டிகல் கேபிளைப் போட்டு ஒழித்தேன். அதில் ஒளி மட்டுமே போகிறது, மின்சாரம் சுற்றிவர வழியே இல்லை. இதற்கு முன் ஒரு மெக்கானிக் ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்லியிருந்தார். அப்படிச் செய்தால் உறுமல் நிற்கக்கூடும். ஆனால் உள்ளே ஏதேனும் பழுதானால் உலோகப் பெட்டியில் 230 வோல்ட் ஏறி நிற்கும். அதை மட்டும் எக்காலத்திலும் செய்துவிடாதே.

உன் ரெக்கார்ட் பிளேயரைக் கழற்றும்போதுதான் உறுமல் நிற்கிறது என்றால் கதை வேறு. சிடி பிளேயர் ஏறத்தாழ 2 வோல்ட் தருகிற இடத்தில் ரெக்கார்ட் பிளேயரின் ஊசிமுனை தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட், அதாவது நானூறில் ஒரு பங்கு. அக்கம்பக்கத்தில் எது முனகினாலும் அதன் காதில்தான் முதலில் விழும். அதனோடு வரும் மெல்லிய எர்த் வயர் ஆம்ப்ளிஃபையரின் பின்னாலுள்ள திருகில் இறுக்கமாக மாட்டியிருக்கிறதா என்று பார். ஆம்ப்ளிஃபையரின் மேலேயே ரெக்கார்ட் பிளேயரை வைத்திருந்தால் தள்ளி வை. கேபிளின் செம்புப் பின்னல் மின்புலத்தைத் தடுக்குமே தவிர, ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் காந்தப்புலத்தைத் தடுக்காது. அதற்குத் தூரமே எளிய மருந்து. பவர் வயர்களையும் ஒலி வயர்களையும் ஒரே கட்டாகக் கட்டி மேசைக்குப் பின்னால் திணிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடு. ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமுமாகக் கொண்டுபோய், குறுக்கிட்டே தீர வேண்டிய இடத்தில் சிலுவைபோல் கடக்கவிட்டால் போதும்.

உறுமலாக இல்லாமல் ‘ர்ர்’ என்று கரகரப்பாகக் கேட்டால் ஃபேன் ரெகுலேட்டரைச் சந்தேகி. சுழற்றிக்கொண்டே போகும் பழைய வகை எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்னலையை வெட்டி வெட்டி அனுப்புவதால் அந்தக் கரகரப்பு. படிப்படியாக மாறும் கெபாசிட்டர் வகையில் அது இல்லை. ஃபேனை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கச் சொல்பவர்கள் சித்திரை மாதத்தில் மண்டபத்தில் ஒரு பகல் இருந்து பார்க்கட்டும்.

ஸ்பீக்கர் வயருக்கும் பெரும் பணம் தேவையில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 5 மீட்டர் ஓடினால், போக வர இரண்டும் சேர்த்து மின்தடை ஏறத்தாழ 0.07 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டல்ல. எங்கள் கரையில் தொல்லை தடிமனால் வருவதில்லை, களிம்பால் வருகிறது. தோல் உரித்த செம்பு முனை சில மாதங்களிலேயே பச்சை பூத்துவிடுகிறது. பாம்பனில் படகுகளுக்கு வயரிங் செய்யும் ஒருவர்தான் வெள்ளீயம் பூசிய செம்பு வயரைக் காட்டினார். அதை மாற்றியபின் இரண்டு மழைக்காலம் கடந்தும் முனை வெள்ளையாகவே இருக்கிறது. உனக்கு மதுரையில் இது தேவைப்படாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை வயர்களைக் கழற்றிப் பார்த்துவிட்டு, எந்த வயரில் உறுமல் நின்றது என்று எழுது. ஆப்டிகல் கேபிள்தான் தீர்வென்றால் உன் ஆம்ப்ளிஃபையரில் அதற்கான துளை இருக்கிறதா என்பதையும் பார்த்துச் சொல். இல்லையென்றால் ஒலிக்கான சிறிய ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (இரு பக்கத்தையும் கம்பியால் இணைக்காமல் ஒலியை மட்டும் கடத்தும் கருவி) ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுத் தோழன்