போர்க்காலத்து ரேஷன் அட்டைக்கும் அருங்காட்சியகத்தில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடெங்கும் தீயணைப்புப் பணி வாரம் நடக்கிறது. 1944 ஏப்ரல் 14 அன்று நம் மும்பைத் துறைமுகத்தின் விக்டோரியா டாக்கில் ‘ஃபோர்ட் ஸ்டிக்கின்’ கப்பல் வெடித்ததே அந்தத் தேதிக்குக் காரணம். அன்று மாண்ட 66 தீயணைப்பு வீரர்களுக்குப் பைகுல்லா தலைமை நிலையத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அதே இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரேஷன் வரிசையில் நின்றவர்கள், ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டி இருட்டில் சமைத்தவர்கள், டாக்குக்குப் போனவர் திரும்புவாரா என்று வாசலில் காத்திருந்தவர்கள் ஆகியோரின் நினைவையும் நம் நகர அருங்காட்சியகங்கள் உடனே சேகரிக்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறோம்.

‘உடனே’ என்று சொல்லக் காரணம் உண்டு. அந்தக் கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருளும் கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகளும் ஒன்றாக இருந்தன. முதல் வெடிப்பு மாலை 4.06-க்கு, அதைவிடப் பெரிய இரண்டாவது 4.34-க்கு. சிம்லாவில் இருந்த நில அதிர்வுக் கருவி வரை பதிவான சம்பவம் அது. ஆனாலும் தணிக்கையால் இங்குள்ள பத்திரிகைகள் பல வாரங்கள் விவரம் எழுத முடியவில்லை. முதலில் விரிவாகச் சொன்னது ஜப்பானியர் பிடியில் இருந்த சைகோன் வானொலி. அந்த நாட்களின் செய்தித்தாளைப் புரட்டினால் இருக்க வேண்டிய செய்தி இருக்காது. அரசுக் கோப்பில் கப்பலுக்கும் சரக்குக்கும் கணக்கு இருக்கிறது. மற்றதெல்லாம் வீட்டுப் பெட்டிகளிலும் முதியவர்களின் வாயிலும்தான். அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டார்கள்.

தாராவியில் தோல் பதனிட்ட நெல்லைக்காரர்கள், மாட்டுங்காவில் குடியிருந்த அலுவலகக் குமாஸ்தாக்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் என மும்பைத் தமிழரான நம்மவர் வீடுகளில் இன்னும் என்ன கிடைக்கும்? 1943 மே மாதம் பம்பாயில் ரேஷன் தொடங்கியது. அந்த அட்டைகள் இருக்கலாம். கடைக்காரர் போட்ட முத்திரையும் கிறுக்கிய அளவுகளும் அட்டையின் பின்பக்கமும் இருக்கலாம். உலோகத்தை மிச்சம் பிடிக்க 1943 முதல் அடித்த ஓட்டைக் காலணா இருக்கலாம். எல்லாவற்றையும் விட அரியது மணியார்டர் கூப்பன். பழைய மணியார்டர் படிவத்தின் அந்தத் துண்டில் நாலு வரி எழுத இடமிருந்தது; தபால்காரர் பணம் கொடுக்கும்போது துண்டு வீட்டிலேயே தங்கிவிடும். ‘இங்கு க்ஷேமம், பயப்பட வேண்டாம்’ என்று அந்த ஏப்ரல் மாதத்தில் எழுதிய ஒரு கூப்பன், தபால் முத்திரைத் தேதியோடு கிடைத்தால், அதற்கு ஈடான சான்று வேறில்லை. அது மும்பையில் இருக்காது, ஊர் வீட்டில்தான் இருக்கும். கோடை விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் பரண் மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியைப் பார்த்துவிட்டு வரலாம்.

கிடைத்தவுடன் செய்யக்கூடாதவை சில உண்டு, இதில்தான் பெருத்த சேதம் நடக்கிறது. லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் பிளாஸ்டிக் காகிதத்தோடு ஒட்டிவிடும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. போர்க்காலக் காகிதம் பெரும்பாலும் மட்டமான மரக்கூழ்க் காகிதம். தனக்குள் இருக்கும் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கும், லேமினேஷன் அதை நிறுத்தாது. செலோ டேப் வேண்டாம்; அதன் பசை சில ஆண்டுகளில் காகிதத்துக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகிவிடும். நாலாக மடித்த அட்டையை வலிந்து விரித்தால் மடிப்பில் முறியும். மடித்தபடியே கொண்டு வாருங்கள், ஈரப்பதம் கொடுத்து மெல்ல விரிக்கும் வேலையைப் பாதுகாப்பு நிபுணர் பார்த்துக்கொள்வார். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள். காலணாவையும் பித்தளைப் படியையும் புளி போட்டுத் தேய்த்தால் எழுத்தும் போய்விடும், காலத்தின் மேல்பூச்சும் போய்விடும்.

நம் ஊர் மழைக்காலம் தனிப் பிரச்சினை. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் அது பெரும்பாலும் 80-க்கு மேல்தான் இருக்கும். ஈரம் கோத்த வெளிச்சுவரை ஒட்டி வைத்த மர அலமாரி மிக மோசமான இடம். உள்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பெயின்ட் அடித்த இரும்பு பீரோவில் வையுங்கள். அமிலமற்ற காகிதம் கிடைக்காவிட்டால் துவைத்த, கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றலாம். கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சி தேடி வரும். அந்துருண்டை பூஞ்சையைத் தடுக்காது, அதன் ஆவி படங்களுக்கும் மனிதர்களுக்கும் நல்லதல்ல. பூச்சி அரித்த தாள்களைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து எடுக்கலாம். எடுத்த பின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த காகிதத்தில் தண்ணீர் கோக்கும். கண்ணாடி நெகட்டிவுக்கு இந்த முறை கூடாது.

நினைவுகளைப் பதிவு செய்வதிலும் பக்குவம் வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள், கேட்கும்போது தெரியாத அதன் இரைச்சல் பதிவில் பேச்சை விழுங்கும். ரெக்கார்டரை மேசை மேல் நேராக வைக்காமல் மடித்த துண்டின் மேல் வைத்து, ஒலித் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று அமைத்து, வேவ் (WAV) ஒலிக் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் முதியவர்களை உட்கார வைக்காதீர்கள். ‘வெடிச் சத்தம் கேட்டதா தாத்தா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்று மட்டுமே வரும். ‘அன்று சாயங்காலம் வீட்டில் யார் யார் எங்கே இருந்தீர்கள்?’ என்று கேளுங்கள். தங்கக் கட்டி பறந்து வந்து விழுந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். கப்பலில் தங்கம் இருந்தது உண்மைதான், ஆனால் அது நகரமே சொல்லும் கதை. அதைக் கேட்டுக்கொண்டு, சொந்த வீட்டுக்குள் நடந்ததற்குப் பேச்சைத் திருப்ப வேண்டும். 1946 பிப்ரவரியில் நடந்த கடற்படைக் கிளர்ச்சியின் துப்பாக்கிச் சூட்டையும் இதையும் பலர் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். இரண்டு வெடிப்பு, நடுவே அரை மணி நேர இடைவெளி என்பது வந்தால் 1944 என்று உறுதியாகக் கொள்ளலாம். கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனியே குறியுங்கள். நெல்லைப் பேச்சை நெல்லைப் பேச்சாகவே எழுதுங்கள், புத்தகத் தமிழாக்க வேண்டாம்.

இனி அருங்காட்சியகங்களுக்கு. சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்ரஹாலயாவின் கட்டடமே முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவமனையாக இருந்தது; 1922-இல்தான் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். போர்க்கால நகர வாழ்க்கையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? அவர்களிடம் நடமாடும் அருங்காட்சியகப் பேருந்தும் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களில் அந்தப் பேருந்து தாராவி, மாட்டுங்கா, அண்டாப் ஹில் பகுதிகளில் ஒவ்வொரு ஞாயிறு நிற்கட்டும். மூன்று மேசை போதும். முதல் மேசையில் தமிழ் தெரிந்த ஒருவர் பொருள் யாருடையது, எங்கிருந்து வந்தது, எப்படிக் கைமாறியது என்று எழுத வேண்டும். இந்தத் தாள் இல்லாமல் வாங்கும் ரேஷன் அட்டை பழைய காகிதம்தான். இரண்டாவது மேசையில் ஆவணத்தை 400, படத்தை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) அளவில், முன்னும் பின்னும், டிஃப் (TIFF) படக் கோப்பாக ஸ்கேன் செய்ய வேண்டும். மூன்றாவதில் ஒப்புதல் படிவம்: முழுதாகத் தருவதா, கடனாகத் தருவதா, படி எடுத்ததும் திருப்புவதா என்று மூன்று கட்டம். பெரும்பாலான குடும்பங்கள் மூலத்தைப் பிரிய மனம் வராமல்தான் பின்வாங்குகின்றன. அன்றே திருப்பித் தருவோம் என்று தமிழில் பெரிதாக எழுதி வைத்தால் கூட்டம் வரும்.

காட்சிக்கு நகலையே வைக்கலாம். மூலத்தை வைத்தால் வெளிச்சம் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் போகக் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். விளக்க அட்டை மராத்தி, ஆங்கிலத்தோடு தமிழிலும் இருக்கட்டும். பொருளைக் கொடுத்த வீட்டுப் பாட்டி வந்து பார்க்கும்போது அவருக்கு அதைப் படிக்க முடிய வேண்டும்.

இப்படிக்கு,
ஆவணப் பாதுகாப்புப் பணியில் உள்ள வாசகர்கள் இருவர்,
மாட்டுங்கா, மும்பை