ஓக்கிச்சோபியிலிருந்து முதலாளிக்கு

அன்புள்ள முதலாளிக்கு,

நாங்கள் நலம், உன் வீட்டிலும் அனைவரும் நலம் என்று உன் தங்கை சொன்னாள். பத்து மாதமாகப் பதில் எழுதாததற்கு முழங்கால் வலியைக் காரணம் காட்டலாம் என்றிருந்தேன். ஆனால் அதே பத்து மாதத்தில் நான் எத்தனை முறை படகேறினேன் என்பதை என் மனைவி உன் வீட்டில் ஏற்கெனவே போட்டுக்கொடுத்துவிட்டாளாம், ஆகவே அந்தப் பொய்க்கும் வழியில்லாமல் போயிற்று. தை மாதம் ஒர்லாண்டோவில் மகள் வீட்டுக்கு வருவதாகவும், வந்தால் இந்த ஃபுளோரிடா மாநிலத்து ஓக்கிச்சோபி ஏரியில் பாஸ் மீன் பிடிக்காமல் ஊர் திரும்புவதில்லை என்றும் எழுதியிருக்கிறாய். எங்கே, எப்படி என்று ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பச் சொல்கிறாய். பரீட்சையிலேயே ஒரு பக்கத்தில் எதையும் முடிக்காதவன் நான், பொறுமையாகப் படி.

முதலில், படகுத்துறையில் யாராவது பாஸ் என்று கத்தினால், உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காதே. இது பெரியவாய்ப் பாஸ். வாயின் ஓரம் கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். பச்சை உடம்பின் பக்கவாட்டில் ஒரு கறுத்த பட்டை ஓடும். விராலுக்கும் இதற்கும் உறவு கிடையாது, ஆனால் குணம் அப்படியே விரால்தான்: பாசியின் ஓரத்தில் அசையாமல் பதுங்கியிருந்து, அருகே வருவதை ஒரே வாயில் உள்ளே இழுத்துக்கொள்ளும். எனவே வீராணத்தில் நாம் கற்ற வித்தை வீண்போகாது. நீ மீனைவிட அதிகமாகச் சத்தம் போடும் பழக்கத்தை மட்டும் கரையிலேயே விட்டுவிட்டு ஏற வேண்டும்.

ஏரியின் பரப்பு சுமார் 1,900 சதுர கிலோமீட்டர், சராசரி ஆழமோ 9 அடிதான். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் பாதி ரகசியம் பிடிபட்டுவிடும், எனக்குத்தான் அதற்கு ஓராண்டு பிடித்தது. மனைவியின் வளையல் விலைக்கு ஒரு ஆழமானியை வாங்கிப் படகில் பொருத்திக்கொண்டு, நடு ஏரியில் பள்ளம் தேடி அலைந்தேன். அங்கே பள்ளமும் இல்லை, மீனும் இல்லை. இவ்வளவு பரந்த, இவ்வளவு ஆழமற்ற நீரில் காற்று அடித்தால் அடிச்சேறு முழுவதும் கிளம்பி, ஏரி டீக்கடைக் கிளாஸ் போல ஆகிவிடும். பாஸ் பெரும்பாலும் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். கலங்கலை வடிகட்டித் தெளிந்த நீரைத் தேக்கி வைத்திருப்பவை மேற்குக் கரை நெடுகப் பரந்து கிடக்கும் புல்வெளிகளும் கோரைக்காடுகளும்தான். ஆகவே ஏரி பெரியது என்பதை மறந்துவிடு. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அதன் மறைவில் தெளிந்த நீருள்ள நம் ஊர்க் குட்டையளவு இடம் ஒன்றைக் கண்டுபிடித்து, அன்று முழுவதும் அதிலேயே கிட.

அந்தக் குட்டையை எங்கே தேடுவது? உன் மகள் வீட்டுப் பக்கத்து ஏரிகளின் நீரே கிஸ்ஸிமீ ஆறாகத் தெற்கே ஓடிவந்து ஓக்கிச்சோபியின் வடமுனையில் சேர்கிறது. வடவாறு வீராணத்தில் சேருமிடத்தை நினைத்துக்கொள். அந்த முகத்துவாரத்திலிருந்து மேற்குக் கரையைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் ஹார்னி பாண்ட் கால்வாய் வரும், அதற்கும் தெற்கே மங்கி பாக்ஸ் என்று குரங்கின் பெயர் கொண்ட ஒரு புல்வெளி, பிறகு மூர் ஹேவன், கிளூவிஸ்டன் என்ற கரையோர ஊர்கள். நாம் இறங்கப்போவது ஹார்னி பாண்ட் துறையில். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும். அதிலும் வேறுபாடு உண்டு: சம்பும் அல்லி இலைகளும் அடர்ந்திருந்தால் பெரும்பாலும் அடியில் உளைச்சேறு; உருண்டைக் கோரையும், கிஸ்ஸிமீ புல் என்று இங்கே சொல்லும் நாணல் போன்ற புல்லும் நின்றால் அடியில் கெட்டி மணல். ஒரு கழியால் குத்திப் பார்த்தால் கைக்கே தெரிந்துவிடும். பாஸ் முட்டையிடுவதற்குக் கெட்டித் தரையைத்தான் தேடி வரும். நாம் ஊரில் திட்டித் தீர்த்த வேலம்பாசியையும் ஆகாயத்தாமரையையும் இங்கே தேடிப் போகிறேன் என்றால் நீ சிரிப்பாய். புயலும் நீர்மட்டமும் இந்தப் பாசிகளை ஆண்டுதோறும் இடம் மாற்றிவிடுவதால், சென்ற ஆண்டு மீன் கிடைத்த இடத்துக்கு இந்த ஆண்டும் கண்ணை மூடிக்கொண்டு போவது வெட்டிவேலை.

நீ வரும் காலம் நல்ல காலம். டிசம்பர் இறுதியிலிருந்து மார்ச் வரை, நீர் 16 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடேறும்போது, பெரிய பெண்மீன்கள் கூட்டம் கூட்டமாக இரண்டு மூன்று அடி நீருக்கு வரும். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டி வரவு அதிகம் என்பது இங்குள்ள பழைய கைகளின் தீர்மானம், என் அனுபவமும் அதுவே. தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னதாக வந்து சேர். முருகனுக்கு இங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டுக்கொள்ளலாம். ஒரேயொரு அபாயம், வடக்கிலிருந்து திடீரென்று இறங்கும் குளிர்காற்று. அது வந்து போன மறுநாள் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், ஃபுளோரிடா மீன் வாயை இறுக மூடிக்கொள்ளும். அன்று ஒன்றரை அவுன்ஸ் ஈயத்தோடு ரப்பர் இரையைப் பாசிப் பாயின் ஓட்டைக்குள் இறக்கி, அதன் மூக்கின் மேலேயே போட்டாலொழியக் கடிக்காது.

இனி இரை. உனக்குப் பிடித்தது உயிருள்ள மீனிரைதான் என்று தெரியும், இங்கும் அதற்கே முதல் மரியாதை. ஷைனர் என்ற பொன்னிறக் கெண்டையை, சாண் நீளத்துக்கு, உதட்டில் முள் கோத்துத் தக்கையோடு புல்லின் விளிம்பில் மிதக்கவிட வேண்டும். வளர்ப்பு மீனைவிட ஏரியிலேயே பிடித்த ஷைனர்தான் சிறந்தது, ஏனெனில் பாஸைக் கண்டதும் அது பயந்து துள்ளும், அந்தத் துள்ளல்தான் பாஸை இழுக்கும். தக்கை நடுங்கத் தொடங்கினால் உன் வாயும் கையும் சும்மா இருக்கட்டும். அது முழுவதுமாக மூழ்கி, தூண்டில் நரம்பு ஓடத் தொடங்கிய பிறகு இழு. எனக்கு இப்போது பிடித்தது ரப்பர் புழு. முள்ளின் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்துக் கோத்தால் பாசியில் மாட்டாது. ஈயமே இல்லாமல் எறிந்து, தானாக மெல்ல அமிழவிட்டு, நரம்பையே பார்த்துக்கொண்டிரு. அது காரணமில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்தால் மீன் எடுத்துவிட்டது என்று பொருள். ரப்பர் தவளையைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நீர் வெடித்ததும் வெட்டி இழுக்காமல், கையில் பாரம் தெரிந்த பிறகு இழு என்று மட்டும் நினைவூட்டுகிறேன்; 1984இல் கலிங்கில் என்ன நடந்தது என்பது இருவருக்கும் தெரியும்.

இப்போது ஒரு விஷயம். பத்து மாத மௌனத்துக்கு உண்மையான காரணமும் இதுவாக இருக்கலாம். போன பிப்ரவரியில் மங்கி பாக்ஸில் கோரை நடுவே வெள்ளையாகத் துடைத்து வைத்த தட்டுப் போல ஒரு கூட்டைக் கண்டேன். அதன் மேல் ஒரு கிலோ தேறும் ஆண்மீன் வட்டமிட்டது. சற்றுத் தள்ளி நிழல் போலப் பெரிய பெண்மீன். முட்டையைக் காப்பதும் வாலால் விசிறுவதும் ஆண் மீனின் வேலை, பெண் வந்து இட்டுவிட்டுப் போய்விடும். நான் ஆண்மீனைப் பிடித்துப் படகின் நீர்த்தொட்டியில் விட்டுவிட்டுப் பெண்மீனுக்காகக் காத்திருந்தேன். அதற்குள் உள்ளங்கையளவு புளூகில் மீன்கள் பத்துப் பதினைந்து எங்கிருந்தோ வந்து கூட்டில் தலைகீழாக நின்று கொத்தத் தொடங்கின. எனக்கு மதகடி விரால்தான் நினைவுக்கு வந்தது. சிவப்புக் குஞ்சுகள் பந்தாய்ச் சுருண்டு ஏறி இறங்கியதும், நாம் தாயைத் தூக்கியதும், அந்தப் பந்து கலைந்ததும், கரையில் நின்ற வாத்தியார் ஒரு வார்த்தை பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனதும். ஆண்மீனை அதே இடத்தில் விட்டேன். அது நேராகக் கூட்டுக்குத்தான் போனது, ஆனால் அதற்குள் அங்கே என்ன மிஞ்சியது என்பது நீருக்குத்தான் வெளிச்சம்.

கூட்டின் மேல் மீன் பிடிப்பது இங்கே சட்டப்படி குற்றமில்லை. பிடித்தவுடன் விட்டால் பெரிய கேடில்லை என்று வாதாடுபவர்களும் உண்டு. நான் அன்றிலிருந்து கூட்டைக் கண்டால் படகைத் திருப்பிவிடுகிறேன். கூட்டுக்கு வரும் வழியில், வெளிப்புற விளிம்பில் நிற்கும் மீன்களே எனக்குப் போதும். ஏப்ரலில் அங்கேதான் ஒன்பது பவுண்டு மீன் ஒன்று கிடைத்தது. எட்டு பவுண்டுக்கு மேற்பட்ட மீனை விட்டுவிட்டு, எடைபோட்ட படத்தை அனுப்பினால் மாநில வனவிலங்குத் துறை பாராட்டுச் சான்று தருகிறது. சான்று கூடத்தில் மாட்டியிருக்கிறது, வந்து பொறாமைப்படு. ஆனால் நீ என் விருந்தாளி. கூட்டின் மேல் தூண்டில் போடுவேன் என்று நீ பிடிவாதம் பிடித்தால் நான் என்ன செய்வது என்று தெரியவில்லை. வருவதற்கு முன் இதற்கு மட்டுமாவது பதில் எழுது.

மற்றவை சில்லறை. ஏழு நாள் உரிமம் வாங்கிவிடலாம். 65 வயதுக்கு மேல் உரிமம் வேண்டாம் என்ற சலுகை இந்த மாநிலவாசிகளுக்கு மட்டுந்தான், உன் நரை இங்கே செல்லாது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து பாஸ் வைத்துக்கொள்ளலாம், அதில் 16 அங்குலமோ அதற்கு மேலோ ஒன்றே ஒன்று. முதலைகள் ஏராளம், படகோரத்தில் காலைத் தொங்கவிடாதே. கூசொளி தடுக்கும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும், அதில்லாமல் நீருக்குள் எதுவும் தெரியாது.

சாலையிலிருந்து ஏரி தெரியவில்லையே என்று கேட்பாய். 1928 செப்டம்பர் புயலில் தென்கரை உடைந்து 2,500க்குக் குறையாத மக்கள் மாண்ட பிறகு எழுந்த பெருங்கரை மறைத்து நிற்கிறது. மாண்டவர்களில் பெரும்பாலோர் வயல்கூலிகளான கறுப்பின மக்கள். ஏரியின் கிழக்குக் கரையிலுள்ள போர்ட் மயாக்காவில் சுமார் 1,600 பேரை ஒரே இடத்தில் புதைத்திருக்கிறார்கள். திரும்பும் வழியில் அங்கே இறங்கிவிட்டு வருவோம்.

தூண்டில் எதையும் சுமந்து வராதே. கறிவேப்பிலையும் வேண்டாம், விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். வாத்தியாரிடம் என் வணக்கத்தைச் சொல், ஆனால் இந்தக் கடிதத்தை மட்டும் காட்டாதே.

உன்,
தக்கை