லான்சரோட்டே போகும் ஜலாலுக்கு

தேவிபட்டினம்
ஐப்பசிக் கடைசி

அன்பு மாப்பிள்ளை ஜலாலுக்கு,

நலம். நலமறிய ஆவல். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? இங்கே மழை ஒரு வழியாகப் பிடித்துக்கொண்டது. கண்மாயில் முக்கால்வாசி தண்ணீர் நிற்கிறது. மிளகாய் விதைத்து முடித்தாயிற்று, முளைப்பும் பரவாயில்லை. சின்னவனுக்குப் பரமக்குடியில் ஒரு பெண் பார்த்திருக்கிறோம். நல்ல குடும்பம். தை பிறந்ததும் பேசி முடிக்கலாம் என்று இருக்கிறேன். நீயும் தங்கச்சியும் இல்லாமல் தட்டு மாற்ற மாட்டேன், அதனால் லண்டனிலிருந்து எப்போது திரும்புகிறீர்கள் என்பதை முதலில் எழுது.

பர்வீன் உங்களை டிசம்பரில் லான்சரோட்டே தீவுக்குக் கூட்டிப்போகிறாள் என்று கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பெரியவன் எங்களைச் செப்டம்பரில் கூட்டிப்போனதும் அதே தீவுதான். எங்கெங்கே போகலாம் என்று போனில் கேட்டாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். எழுதியே அனுப்புகிறேன், பர்வீன் வண்டியில் வைத்துக்கொள்ளட்டும்.

தீவு ஸ்பெயினுக்குச் சொந்தம், ஆனால் இருப்பது ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 130 கிலோமீட்டர் தூரத்தில், அட்லாண்டிக் கடலில். நீளம் 60 கிலோமீட்டர் இருக்கும். ராமநாதபுரத்தில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்குகிற தூரம், அவ்வளவுதான். அதனால் வாடகைக் கார் எடுத்துக்கொண்டால் எங்கே தங்கினாலும் எல்லா இடத்துக்கும் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். சுற்றுலா பஸ்ஸில் போகவே போகாதீர்கள். அவன் நிறுத்துகிற இடத்தில் நீ நிற்க வேண்டியதில்லை, நீ நிற்க வேண்டிய இடத்தில் அவன் நிறுத்த மாட்டான்.

மழை அங்கே வருஷத்துக்கு 150 மில்லிமீட்டர்கூட வராது. ஆறு கிடையாது. நமக்கு வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் பெய்தும் தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கியிருக்கிறோம். நீ வலிநோக்கம் உப்பளத்தில் கணக்கு எழுதியவன், நான் மானாவாரியில் மிளகாய் போடுகிறவன். நம்மைப் போல வறண்ட பூமியில் பிறந்தவர்கள் பார்க்க வேண்டிய தீவு அது. கடலில் குளிக்கக் கூட்டம் கூட்டமாக வருகிற வெள்ளைக்காரர்களுக்கு அந்த மண் கண்ணில் படுமோ என்னமோ, உனக்குப் படும்.

முதல் நாள் தெற்குப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். திமான்ஃபாயா எரிமலைப் பூங்காவில் தொடங்கவேண்டும், அதுவும் காலையிலேயே. பத்து மணி தாண்டினால் வாசலில் கார் வரிசை நீண்டுவிடுகிறது. 1730 செப்டம்பர் 1-ஆம் தேதி இரவு அங்கே பூமி பிளந்தது. நின்றது 1736 ஏப்ரலில். கிட்டத்தட்ட ஆறு வருஷம், மாப்பிள்ளை! தீவில் கால்வாசி நிலம் எரிமலைக் குழம்பிலும் சாம்பலிலும் மூடிப்போயிற்று. ஊர் ஊராக அழிந்தன. அவ்வளவும் நல்ல தானியம் விளைந்த பூமி. பக்கத்து ஊர் யாய்சாவின் பாதிரியார் லொரென்சோ குர்பேலோ என்பவர் நடந்ததையெல்லாம் குறித்து வைத்தார். இன்றைக்கு நமக்கு விவரம் தெரிவதற்கு அவர்தான் காரணம்.

கார் ஒரு மேடு வரைக்கும் போகும். அங்கே நிறுத்திவிட்டு அவர்கள் பஸ்ஸில் ஏறினால், 14 கிலோமீட்டர் எரிமலை வாய்களுக்கு நடுவே சுற்றிக் காட்டுவார்கள். இறங்க விடமாட்டார்கள். செடிகொடி கால் பட்டால் பிழைக்காத நிலம், அது நியாயம்தான். பஸ்ஸில் வலது பக்க ஜன்னலோ இடது பக்க ஜன்னலோ பேதமில்லை, இரண்டு பக்கமும் அதே சிவப்பு, அதே கறுப்பு. மேட்டில் ஒருவர் காய்ந்த முள்செடியை ஒரு குழியில் போடுவார், குப்பென்று தீப்பிடிக்கும். ஒரு குழாய்க்குள் வாளித் தண்ணீரை ஊற்றுவார், மறு நிமிஷம் ஆவியாகச் சீறி மேலே பாயும். தங்கச்சியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல். பத்துப் பதின்மூன்று மீட்டர் ஆழத்தில் நூற்றுக்கணக்கான டிகிரி சூடு இன்னமும் இருக்கிறது. பக்கத்து உணவகத்தில் அந்தச் சூட்டின் மேலேயே கம்பி வலை போட்டுக் கோழி சுடுகிறார்கள். ஒட்டகச் சவாரி ஒன்று உண்டு, அதை விட்டுவிடுங்கள்.

அங்கிருந்து திரும்பும்போது ஊகா என்ற ஊரிலிருந்து லா ஹேரியா வழியாகப் போகிற ரோட்டைப் பிடிக்கச் சொல். என்னைக் கேட்டால் இந்த ஒரு ரோட்டுக்காகவே அந்தத் தீவுக்குப் போகலாம். சாம்பல் மூடின நிலத்தை அந்தச் சம்சாரிகள் விட்டுவிட்டு ஓடவில்லை. சாம்பலைத் தோண்டினார்கள். ஓர் ஆள் ஆழம், சில இடத்தில் அதற்கும் மேலே தோண்டி, அடியில் பழைய மண் தட்டுப்பட்டதும் அதில் ஒரு திராட்சைக் கொடியை நட்டார்கள். ஒரு குழிக்கு ஒரு கொடி. குழியின் ஓரத்தில், வடகிழக்குக் காற்று வருகிற திசையில், கறுப்புக் கல்லை அடுக்கி அரை வட்டமாக ஒரு குட்டைச் சுவர். சுண்ணாம்பு இல்லை, சேறு இல்லை, வெறும் அடுக்கு. மலைச் சரிவு முழுக்க இப்படி ஆயிரக்கணக்கில் குழிகள். டிராக்டர் இறங்க வழியே கிடையாது. கவாத்து, பறிப்பு, சாம்பல் சரிந்தால் அள்ளிப் போடுவது, எல்லாம் கைவேலை.

பெரியவன் வண்டியை ஓரங்கட்டினான். நான் ஒரு குழி விளிம்பில் உட்கார்ந்து சாம்பலில் கையை விட்டுப் பார்த்தேன். பொடிக் கல் மாதிரி இருக்கிறது, மிளகு அளவு, கடலை அளவு, கையில் கனமே தெரியவில்லை. மேலாக வெயிலில் சுட்டது. விரல் முழுக்க உள்ளே போனதும் ஜில்லென்று ஈரம்! மழை பெய்து எத்தனையோ மாதம். அந்தச் சாம்பல் துளைத்துளையாக இருப்பதால் இரவுப் பனியையும் எப்போதாவது விழுகிற தூறலையும் உள்ளே வாங்கிக்கொள்கிறது, பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகாமல் மூடிக் காக்கிறது. நம்ம ஊர்க் கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி, நம் அம்மாமார் சிரட்டையால் குடத்துக்கு மொண்டு ஊற்றுவார்களே, அந்த நினைவு வந்து கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. கெட்டுப்போன பூமி என்று யாரும் கைகழுவாத வரை எந்த மண்ணுக்குள்ளும் ஈரம் தேட ஆள் இருக்கிறது.

எரிமலைச் சாம்பல் விழாத ஊர்களிலும் அதே சாம்பலை வண்டியில் கொண்டுவந்து வயலில் பரப்பி, வெங்காயமும் உருளைக்கிழங்கும் போடுகிறார்கள். நாம் வைக்கோலால் செய்கிற மூடாக்குதான், ஆனால் அது மக்குவதில்லை. இந்த வருஷம் கொல்லையில் கொஞ்சம் மிளகாய்க்குத் தென்னை மட்டையையும் வைக்கோலையும் மூடாக்காகப் போட்டு, பங்குனி வெயிலில் எப்படி நிற்கிறது என்று பார்க்கப் போகிறேன். முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு 2023-இல் கிடைத்துவிட்டது, பேர் வந்துவிட்டது. இனிமேல் ஈரத்தைக் காப்பதில்தான் வேலை இருக்கிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தத் திராட்சை எல்லாம் ஒயினுக்குப் போகிறது. ரோட்டோரமெல்லாம் ஒயின் கடைகள் இருக்கும், உங்களுக்கு அங்கே வேலையில்லை. வண்டியை ஒதுக்கிவிட்டு வயலைப் பாருங்கள். அறுவடை ஆவணிக்குள் முடிந்துவிடும். டிசம்பரில் இலையும் உதிர்ந்துகொண்டிருக்கும், அதனால் குழியும் சுவரும் இன்னும் நன்றாகத் தெரியும்.

அடுத்து உனக்கான இடம். யாய்சாவைத் தாண்டி மேற்குக் கரைக்குப் போனால் ஹனூபியோ உப்பளம். அந்த எரிமலைக் குழம்பு ஓடிவந்து ஒரு குடாவின் வாயை அடைக்க, கரைக்குள்ளே ஒரு காயல் உண்டாயிற்று. அதன் கரையில் 1895 வாக்கில் உப்பளம் கட்டத் தொடங்கினார்கள். கனேரித் தீவுகளிலேயே பெரியது அதுதான். முன்னே காற்றாலையால் தண்ணீரை மேலேற்றி, ஒவ்வொரு தட்டாக இறக்கிச் சூடேற்றி, கடைசியில் சின்னச் சின்னப் பாத்திகளில் உப்பாக்கியிருக்கிறார்கள். பாத்தியின் அளவைப் பார்த்தால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும், நம்ம வலிநோக்கத்துப் பாத்தியில் அதைப் போல எத்தனையோ அடங்கும். வரப்பெல்லாம் கறுப்புக் கல். நாங்கள் போனபோது வாருதல் நடந்துகொண்டிருந்தது. பலகையால் இழுத்து வரப்போரமாகக் குவித்திருந்தார்கள், கறுப்பு வரப்பில் வெள்ளைக் குவியல். அந்த உப்பை மீன் பதப்படுத்தத்தான் பெரும்பாலும் கொண்டுபோனார்களாம். கப்பலில் குளிர்பெட்டி வந்தபின் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. கருவாடு போட்டு வளர்ந்த கரைக்காரர்கள் நாம், சொல்ல வேண்டியதில்லை. டிசம்பரில் வாருதல் இருக்காது, நம்ம ஊரில் ஐப்பசியோடு நிற்கிற மாதிரி அங்கேயும் குளிர்காலத்தில் ஓய்வுதான். இருந்தாலும் மேலே ரோட்டில் நின்று பாத்திகளின் வரிசையைப் பார். சாயங்கால வெயிலில் ஒவ்வொரு பாத்தியும் ஒவ்வொரு நிறம்.

அதே ரோட்டில் வடக்கே போனால் லோஸ் எர்விதேரோஸ். குழம்பு கடலில் விழுந்து உறைந்த குகைகளுக்குள் அலை நுழைந்து கொதிக்கிறது. அப்புறம் எல் கோல்ஃபோ, பச்சை நிறத் தண்ணீர் தேங்கின ஒரு குளம், பாசியால் வந்த பச்சை. மேலிருந்து பார்த்துவிட்டு அந்த ஊரிலேயே மதியச் சாப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். கிளிமீன் சாதியில் ஒன்று சுட்டுத் தருவார்கள், மிக நன்றாக இருக்கும். கூடவே உப்புத் தண்ணீரில் வற்ற வேகவைத்த குட்டி உருளைக்கிழங்கு, தோல் சுருங்கி மேலே உப்புப் பூத்திருக்கும். தொட்டுக்கொள்ள மிளகாயும் பூண்டும் அரைத்த சிவப்புச் சட்னி. காரம் நமக்குப் பத்தாது. தங்கச்சி கைப்பையில் கொஞ்சம் மிளகாய்ப்பொடி வைத்துக்கொள்ளட்டும்.

வடக்குப் பக்கத்துக்கு இன்னொரு நாள். கொரோனா என்ற எரிமலையிலிருந்து கடல் வரைக்கும், அதற்கப்புறம் கடலுக்கு அடியிலும், குழம்பு ஓடின ஒரு நீளச் சுரங்கம் இருக்கிறது. அதில் இரண்டு இடம் பார்க்கலாம். ஒன்று குவேவா தெ லோஸ் வெர்தெஸ். கடற்கொள்ளைக்காரர் வந்தபோதெல்லாம் ஊர்ஜனம் உள்ளே போய் ஒளிந்துகொண்ட குகை. அதன் கடைசியில் ஒரு ரகசியம் வைத்திருக்கிறார்கள், போனவர்கள் வெளியே சொல்வதில்லை, நானும் எழுத மாட்டேன். சில இடத்தில் நன்றாகக் குனிந்து நடக்க வேண்டும், தங்கச்சிக்கு முடியாவிட்டால் வற்புறுத்தாதே. இன்னொன்று ஹமேயோஸ் தெல் அகுவா. உள்ளே ஒரு குளம், அதில் கண் தெரியாத வெள்ளை நண்டு, நகம் அளவுகூட இல்லை, பொட்டுப் பொட்டாகப் பாறையில் இருக்கும். காசு போட்டால் உலோகம் கரைந்து அதுகள் செத்துப்போகும், பேரப்பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லிவை.

தீவின் வட முனையில் மிராதோர் தெல் ரியோ. சுமார் 475 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையின் விளிம்பில் கண்ணாடி போட்ட ஒரு கூடம். கீழே கடல், எதிரே லா கிராசியோசா என்ற குட்டித் தீவு. மேகம் இறங்கியிருந்தால் போகாதீர்கள், ஒன்றும் தெரியாது. வழியில் பனைமரம் நிறைந்த அரீயா ஊர் வரும். ஈச்சம்பனை வகை, நம்ம பனை இல்லை. ஆனாலும் மனசுக்கு இதமாக இருந்தது. கள்ளித் தோட்டம் ஒன்றும் உண்டு, நேரமிருந்தால் பாருங்கள்.

இந்த இடங்களில் பலவற்றை இப்படி அமைத்தவர் செசார் மன்ரீக்கே என்ற ஓவியர். 1919-இல் அந்தத் தீவிலேயே பிறந்தவர். வெளியூரில் பேர் வாங்கித் திரும்பிவந்து, மாடி மேல் மாடியாகக் கட்டிடம் வேண்டாம், ரோட்டோரம் விளம்பரப் பலகை வேண்டாம் என்று கடைசிவரை போராடினார். 1992-இல் கார் விபத்தில் போய்விட்டார். தெகீசேக்குப் போகிற வழியில், தாஹீச்சேயில் எரிமலைக் குழம்பின் குமிழிகளுக்குள் அவர் கட்டின வீட்டைத் தவறாமல் பாருங்கள். வெள்ளை வீடு, பச்சைக் கதவு, கறுப்பு மண். தீவு முழுக்க இன்றைக்கும் அதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி போகும்போதெல்லாம் இப்போது அவரை நினைத்துக்கொள்கிறேன். நம்ம கரையில் இன்னும் கெடாத இடம் நிறைய இருக்கிறது, ஜலால். உப்பளத்து நாரைக்கூட்டமும் காயலும் விளம்பரப் பலகைக்குப் பின்னால் மறைகிற நாள் வருவதற்குள் நம்ம ஊர்ப் பிள்ளை ஒருத்தன் இப்படிக் கிளம்பவேண்டும். இதைப் பற்றி நேரில் நிறையப் பேசவேண்டும்.

ஒரு காரியம் செய். ஹனூபியோவில் உப்பு விற்கிற கடை இருக்கிறது. அங்கே இருப்பவர்களிடம் பர்வீனை விட்டுக் கேட்கச் சொல்: பாத்தியின் தரையில் என்ன மண் போட்டு மிதிக்கிறார்கள், ஒரு பாத்தியில் எத்தனை நாளைக்கு ஒருமுறை வாருகிறார்கள், பூ உப்பைத் தனியாக எப்படி எடுக்கிறார்கள். எனக்குக் கேட்கத் தெரியவில்லை, உனக்குத்தான் அந்தக் கேள்விகள் வரும். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வா. ஒரு பொட்டலம் உப்பும் வாங்கி வா.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
முருகேசன்

பி.கு.: அங்கே வண்டி ரோட்டின் வலது பக்கம் போகும். லண்டனில் ஓட்டிப் பழகின பர்வீனுக்கு முதல் அரை மணி நேரம் குழப்பும், ரவுண்டானாவில் நீயும் பார்த்துச் சொல். காற்று பலமாக அடிக்கும். நிறுத்தினதும் கார்க் கதவைக் கையால் பிடித்துக்கொண்டே திறக்கவும், இல்லாவிட்டால் கதவு மடங்கிப் பின்னால் போய்விடும்.