பியானோவைக் குறைக்காதே

சிவமயம்

காரைக்குடி

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம்.

நீ பியானோவும் உன் தோழி வயலினுமாக வாசித்த ராவல், பேர்ட் பதிவின் இரண்டு வடிவங்களையும் கேட்டேன். வளவு முற்றத்தில் ஸ்பீக்கர் வைத்தால் ஆத்தங்குடிக் கல் தரையும் சுவரும் சத்தத்தைத் திருப்பி அடித்துக் குழப்புகின்றன. அதனால் உள்ளறையில் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டேன். பியானோவை அடக்கி வயலினை முன்னால் நிறுத்தியது காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அது வேண்டாம். இரண்டும் சமமாகக் கேட்கிற வடிவத்தையே வெளியிடுங்கள்.

வயலினும் பியானோவும் இயல்பிலேயே ஒத்துப்போகாதவை என்பது பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவலின் எண்ணம். அப்படி நினைத்தவர்தான் 1923 முதல் 1927 வரை நீங்கள் வாசித்த இந்த வயலின்-பியானோ சொனாட்டாவில் உழைத்திருக்கிறார். வேறுபாட்டைப் பூசி மெழுகாமல் இரண்டையும் அதனதன் போக்கில் விட்டிருக்கிறார். பாரிஸில் முதன்முதலில் அரங்கேறியபோது வயலின் ருமேனியக் கலைஞர் எனெஸ்கு, பியானோ ராவலே. எழுதியவர் உட்கார்ந்த இடத்தில் நீ உட்கார்ந்திருக்கிறாய். அது பக்கவாத்தியமாக ஒலிக்கலாமா? சொனாட்டாவின் 'ப்ளூஸ்' பகுதியையே எடுத்துக்கொள். வயலின் ஒரு சுருதியில் நிற்க, நீ அரைச் சுரம் தள்ளி நிற்கிறாய். அந்த உரசல்தான் அதற்கு உயிர். அடக்கிய வடிவத்தில் அது காணாமல் போய்விட்டது.

நம் காரைக்குடி வீணைச் சகோதரர்களில் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடிப்பார், சாம்பசிவ ஐயர் கிடத்தி வைத்து வாசிப்பார். அப்படியேதான் ஜோடியாகக் கச்சேரி செய்தார்கள்.

அப்புறம் எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட் 1978-இல் எழுதிய 'ஷ்பீகல் இம் ஷ்பீகல்'. என் மனம் அதில்தான் தங்கிவிட்டது. வயலின் ஒவ்வொரு வரியிலும் ஒரு சுரம் கூட்டிக்கொண்டு ஏறுகிறது, இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் அடிச்சுரமான ஷட்ஜத்தில் அமராமல், அதற்கு மேலுள்ள அந்தர காந்தாரத்தில் வந்து நிற்கிறது. முடிந்துவிட்டது என்ற எண்ணமே வராமல் இன்னும் கேட்கத் தோன்றுவது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஷட்ஜம் உன் கையில் இருக்கிறது. நீ தாழ்ந்த மந்தர ஸ்தாயியில் தொடும் சுரங்கள் மணி மாதிரி விழ வேண்டும். அடக்கிய வடிவத்தில் அவை அமுங்கிக் கிடக்கின்றன.

தோழி வருத்தப்படுவாள் என்று தயங்காதே. மெல்லிய இடங்களில் அவள் வில் எவ்வளவு நிதானமாக நிற்கிறது என்பது சமமான வடிவத்தில்தான் தெரிகிறது. நான் சொன்னதாகவே அவளிடம் சொல்.

ராவலை முதலில் வையுங்கள். அதன் கடைசிப் பகுதியில் வயலின் மூச்சு விடாமல் ஓடி முடித்ததும் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி விட்டு, பிறகு பேர்ட்டைத் தொடங்குங்கள்.

அன்புடன்,
அப்பச்சி